பழைய பிரிட்டிஷ் பட்டாளத் துவக்கில வெட்டியிருக்கிற வருசம்: திருகோணமலைப் பக்கம் கண்டவை எழுதுங்கோ

ஓர்ஸ்ஹில்:
பூட்டுத் தகட்டில (சுத்தியல் பொருத்தியிருக்கிற வெடிபொறித் தகடு) சுத்தியலுக்குப் பின்னால முடியும் வி.ஆர். உம் (விக்டோரியா ராணியின்ர எழுத்து), முன்னால 1862, என்ஃபீல்ட் (இங்கிலாந்து அரசாங்கத் துவக்குப் பட்டறை). வாய்ப்பக்கத்தால மருந்து இடிச்சு, சின்னக் கேப்பில சுத்தியல் அடிச்சு வெடிக்கிற கேப் துவக்கு எண்டுதான் எல்லாரும் சொல்லிச்சினம். சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துப்போட்டு குழலின்ர பின்பக்க அடைப்பை வலப்பக்கம் தள்ள, பெட்டி மூடி மாதிரித் திறந்திட்டுது. ஸ்னைடர், பின்னால தோட்டா போடுற துவக்கு! அது பட்டாளத்துக்கு வந்ததே 1866ல. அப்ப 62 எண்டது பூட்டின்ர வயசு மட்டும்தான். பழைய 39 அங்குலக் குழலைப் பின்னால இரண்டரை அங்குலம் வெட்டித்தான் அடைப்புப் பொருத்தினவை. அளக்க 36½.

பாலையூற்று:
எல்லா ஸ்னைடரும் மாத்தினதில்லை அண்ணை. அடைப்பில இடப்பக்கம் அமத்துற கொளுக்கி இருக்கோ? இருந்தால் மூண்டாம் மார்க் (மூண்டாவது வகை), புதுசாச் செய்தது. குழலில ஸ்டீல் எண்டும் வெட்டியிருக்கும்.
இங்க கண்டது மார்டினி, ஸ்னைடருக்குப் பிறகு வந்த பட்டாளத் துவக்கு. வலப்பக்கம் 1874, இடப்பக்கம் 1896. வலது, மார்டினி-ஹென்றியாப் பிறந்த வருசம். இடது, 0.303 அங்குல வாய்க்கு மாத்தின வருசம். குழல் வாயில பென்சிலை விட்டால் மட்டுமட்டாப் போகும், 7.7 மிமீ. மாத்தாத ஹென்றி 11.4, பென்சில் கலகலவெண்டு ஆடும்.

சாம்பல்தீவு:
வி.ஆர். முத்திரையோட 1907 எண்டு ஒண்டு. ராணி செத்தது 1901 தையில. 'என்' எழுத்தும் கண்ணாடியில பார்த்த மாதிரித் திரும்பிக் கிடந்தது. கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறையளில பார்த்துச் செய்த போலி வேலை. "பழைய முத்திரை மிஞ்சியிருக்கும்" எண்டு தயவுசெய்து ஒருத்தரும் எழுதாதேங்கோ.

உட்துறைமுகம்:
ஆரும் கேக்கேல்லை, எண்டாலும் சொல்லுறன். முதல்ல உள்ளுக்கு வெடி கிடக்கோ பாருங்கோ. மெல்லிய தடியொண்டை வாயால விட்டு, வாய் மட்டத்தில கோடு போட்டு, வெளியில குழலோட வைச்சுப் பாருங்கோ. ரெண்டு மூண்டு அங்குலம் குறைஞ்சால் உள்ளுக்கு ஏதோ இருக்கு, கைவைக்கப்படாது.
சாண்ட் பேப்பர் வேண்டாம். எங்கட உப்புக்காத்து ஏற்கெனவே பாதி எழுத்தைத் திண்டிட்டுது. மண்ணெண்ணெய்த் துணியை ஓரிரவு சுத்தி வைச்சு, துடைச்சு, முகப்பவுடர் தடவி, டோர்ச்சைச் சரிச்சு அடியுங்கோ. குழலில 25 எண்டால் வருசமோ மாதமோ இல்லை. ஒரு றாத்தல் ஈயத்தில 25 உருண்டை, அதாவது கிட்டத்தட்ட 0.57 அங்குல வாய். அம்புக்குறி அரசாங்கச் சொத்தெண்ட அடையாளம்; அது ரெண்டு நுனியோட நுனி முட்டி நிண்டால் அரசாங்கம் வித்துக் கழிச்சது.
ஏற்கெனவே தேய்ச்சுப்போட்டியளெண்டால், ஸ்னைடரில இடப்பக்கம் ரெண்டு ஆணி, கழட்டினால் பூட்டு வலப்பக்கம் வரும். தகட்டின்ர உட்பக்கம் செய்தவன்ர சின்ன முத்திரை இருக்கலாம். அங்க சாண்ட் பேப்பர் போயிராது.