சாப்பிட்டுப் பார்த்தேன்: ஜப்பானிய மொழி படித்தபோது

வேற்று மொழி படிக்கும்போது இலக்கணம் எங்கே இடித்தது என்று பலரும் எழுதுவார்கள். எனக்கு ஒரு கதவு திறந்ததும் அங்கேதான்.

என் ஜப்பானியப் பாடப்புத்தகத்தில் விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில். அதனால் ஆங்கிலத்தில் யோசித்து, வினையைத் தூக்கிக் கடைசியில் போட்டுத்தான் பேசுவேன். வாய் திறப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

ஒரு நாள் 'தபேத்தே மித்தா' என்ற தொடர் வந்தது. தபேத்தே என்றால் சாப்பிட்டு, மித்தா என்றால் பார்த்தேன். 'பார்' என்ற வினை இங்கே கண்ணால் பார்ப்பதைக் குறிக்காது என்று புத்தகம் நீளமாக விளக்கியது. எனக்கு அந்த விளக்கமே வேண்டியிருக்கவில்லை. சாப்பிட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்! அடுத்து 'கைத்தே ஒக்கு': எழுதி வை. 'கினோ கத்தா ஹொன்': நேற்று வாங்கிய புத்தகம். நம் வினையெச்சமும் துணைவினையும் பெயரெச்சமும் அதே வரிசையில் நின்றன. அன்றிலிருந்து நேராகத் தமிழிலிருந்தே யோசித்தேன்.

அப்புறம் காரணத்தைத் தேடினேன். 30 மொழிகளை ஒப்பிட்டு மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1963இல் வெளியிட்ட கட்டுரை கிடைத்தது. எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற வரிசை உள்ள மொழிகளில் 'இல்', 'இருந்து' போன்றவை பெரும்பாலும் பெயருக்குப் பின்னால்தான் வரும் என்கிறார். கொரிய மொழியும் துருக்கியும் அப்படியே. வினையை முதலில் வைக்கும் வெல்ஷ் மொழியில் அவை பெயருக்கு முன்னால் வரும். வினை நிற்கும் இடத்தோடு மற்றவையும் சேர்ந்தே நகர்வது எனக்குப் பெரிய வியப்பு.

இதை வைத்துத் தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானிய மொழி அறிஞர் சுசுமு ஓனோ உறவு உண்டு என்று வாதிட்டார்; மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. வினை கடைசியில் வரும் இந்த வரிசைதான் உலக மொழிகளில் அதிகம் காணப்படுகிறது; அதனால் வரிசை ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

சரி, நான் தடுக்கி விழுந்த இடத்தையும் சொல்கிறேன். பார்த்தேன், பார்த்தாய், பார்த்தாள் எல்லாமே அங்கே 'மித்தா'தான். நாம் எழுவாயை விட்டுவிட்டாலும் வினையின் விகுதி ஆளைக் காட்டிக்கொடுக்கும். அங்கே சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை நண்பர் 'அஷிதா இக்கிமாஸ்' என்றார். 'நாளை போகிறேன்' என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினேன். அவர் சொன்னது 'நாம் போகிறோம்'. மறுநாள் எனக்காக வெகுநேரம் காத்திருந்திருக்கிறார்.