காலை உணவுத் திட்டம்: சாமையும் காயும் உள்ளூரிலேயே வாங்கணுமா?

மேட்டுநிலம்:
2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கின திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போயிடுச்சு. கிராமங்கள்ல சமைக்கிறது சுய உதவிக் குழுப் பெண்கள். வேலை ஊருக்குள்ள வந்தாச்சு, பொருள் வாங்கும் பணம் மட்டும் ஏன் வெளியே போகணும்? பிரேசில்ல 2009-இல் சட்டமே போட்டாங்க: பள்ளி உணவுக்கு நடுவண் அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடம் வாங்கணும்னு அப்போ வச்சாங்க. டெண்டர் தேவையில்லை, உள்ளூர்ச் சந்தை விலையைக் கேட்டு விலை வைக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
பிரேசிலை விடுங்க. 60 பிள்ளைகள் உள்ள பள்ளியை எடுத்துக்குவோம். ஆளுக்கு 100 மில்லி சாம்பார்னா 6 லிட்டர். பருப்பு 15 கிராம் வீதம் 900 கிராம். காய் ஒன்றரை கிலோ போனா அதிகம். ஒன்றரை கிலோ காயைக் கொடுக்க எந்த விவசாயி வண்டியை எடுப்பார்? அப்புறம் உப்புமா ரவை கோதுமையில வருது. அது இங்க பெருசா விளையறதில்ல.

மேட்டுநிலம்:
ரவை விஷயத்துல நீங்க சொல்றது சரி. மெனுவைத் தொடாம கொள்முதலை மட்டும் மாத்த முடியாது. ஆனா வாரம் இரண்டு நாளாவது அந்தந்தப் பகுதிச் சிறுதானியம்னு அரசாணையிலேயே இருக்கே. காய்க்கு 20 பள்ளியைச் சேர்த்தா வாரம் 150 கிலோ. ஞாயிறு, புதன் சாயங்காலம் இரண்டு நடை போதும். கத்தரி, அவரை வந்த மறுநாளே அடுப்புக்குப் போகணும். முழுப் பரங்கியும் சேனையும் வாரக்கடைசி வரை தாங்கும். முருங்கைக்கீரையை மட்டும் இந்தக் கணக்குல சேர்க்காதீங்க, முந்தின சாயங்காலம் பறிச்சதா இருந்தாத்தான் ஆகும்.

அடுப்படி:
சாமைன்னு எழுதிட்டுப் போறது சுலபம். எட்டே காலுக்குப் பரிமாறணும். கல் நீக்காத சாமை 3 கிலோ வந்தா, அரிக்கிறதுக்கே அரை மணி நேரம் போயிடும். அப்பவும் ஒரு பிள்ளை பல்லுல கல் கடிபட்டா, அடுத்த வாரம் தட்டு அப்படியே திரும்பி வரும். தண்ணியும் வேற கணக்கு: உப்புமாவுக்கு ஒன்றுக்கு இரண்டரை, பொங்கலுக்கு நாலு. இறக்கும்போது கரண்டியில வழியற பதம் இருக்கணும், பத்து நிமிஷத்துல இறுகிடும். ரவைப் பழக்கத்துல தண்ணி வச்சா கட்டிதான்.

மேட்டுநிலம்:
அதுக்குத்தான் வட்டாரத்துக்கு ஒரு சிறு உமி நீக்கும் மில். கல் நீக்கி, சலிச்சு அளவு பிரிச்சு, அப்புறம்தான் உமி நீக்கணும். அளவு பிரிக்காம போட்டா பொடி மணி உமியோடவே வெளிய வரும், அதைத் திரும்ப ஓட்டினா பெரிய மணி நொறுங்கும். ஈரம் 12 சதவீதத்துக்கு மேல இருந்தா நசுங்கும். உமி நீக்கின சாமை வெயில் காலத்துல சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதனால தானியமா வச்சுக்கிட்டு மாசாமாசம் அரைக்கணும். ஊருக்குள்ள நாலு பேருக்கு வேலை.

கணக்குப்பிள்ளை:
நாலு பேரா? ஆளுக்கு 50 கிராம்னா பள்ளிக்கு ஒரு நாளைக்கு 3 கிலோ சாமை அரிசி. வாரம் ஒரு நாள், 40 வாரம், 20 பள்ளி: 2,400 கிலோ. உமி, உடைசல் போக 63 சதவீதம் தேறும்னு வைங்க, தானியம் 3.8 டன். மணிக்கு 100 கிலோ ஓடுற மில்லுக்கு அது 38 மணி நேர வேலை. வருஷத்துக்கு! இரண்டு நாள் போட்டாலும் 76 மணி நேரம். கடன் தவணைக்கே காணாது.

மேட்டுநிலம்:
மில் கணக்குல நீங்க ஜெயிச்சீங்க. விவசாயி பக்கம் பாருங்க: மானாவாரியில ஏக்கருக்கு 300 கிலோன்னு வச்சாலும், வாரம் ஒரு நாளைக்கே 12, 13 ஏக்கர் விளைச்சலை உறுதியா வாங்குற ஆள் கிடைச்சாச்சு. கேழ்வரகுக்கு ஆதரவு விலை இருக்கு. தர்மபுரியிலயும் நீலகிரியிலயும் 2023-லேர்ந்து ரேஷன்ல 2 கிலோ கொடுக்கறாங்க. சாமைக்கும் தினைக்கும் நடுவண் அரசோட ஆதரவு விலைப் பட்டியல்ல இடமே இல்ல. விதைக்கும் முன்னாடியே விலை சொல்ற ஒப்பந்தம்தான் அந்த இடத்தை நிரப்பும்.

அடுப்படி:
காய்க்கு? 2023 ஜூலையில தக்காளி நூறைத் தாண்டுச்சே. உழவர் சந்தைப் பலகை விலையைத்தான் ஒத்துக்கலாம், ஆனா பணம் அந்த வாரமே கைக்கு வரணும். இரண்டு மாசம் பாக்கின்னா மறுபடி கமிஷன் மண்டிதான்.

கணக்குப்பிள்ளை:
காய்க்குச் சரி, 20 பள்ளிக்கு ஒப்பந்தம் போட்டுப் பாருங்க. மில்லுக்கு, விடுதியும் அங்கன்வாடியும் சேர்த்தா எத்தனை டன்னுன்னு வட்டார வாரியா இங்கயே போடுங்க. அது வரைக்கும் தானியத்தைப் பக்கத்து ஊர்ல ஏற்கனவே ஓடுற மில்லுக்கு ஏத்தி அனுப்புறதுதான் மலிவு.