செரோவே: 50,000 பேர் இருந்தும் ஏன் கிராமம்?

மருதன்: போட்ஸ்வானாவின் செரோவேயில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 50,000 பேர். ஆனாலும் கிராமம் என்றே சொல்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் நேர்த்தெருக்கள் அரிது. லாட வடிவில் வீட்டுக் கூட்டங்கள். ஏன் இப்படி?

வரைபடப்பிரியன்: முதல் காரணம் நிலம். அது இனக்குழுப் பொது நிலம். முன்பு மனை ஒதுக்கியது இனக்குழுத் தலைவர். 1970 முதல் நில வாரியம். அரசு நிலத்தில் எழுந்த ஊர்களே அங்கே நகரங்கள். பொது நிலத்தில் 5,000 பேருக்கு மேல் இருந்து, பெரும்பாலோர் விவசாயம் அல்லாத வேலை பார்த்தால் அரசுக் கணக்கில் 'நகர்ப்புறக் கிராமம்'.

லாட வடிவத்துக்குக் காரணம் வார்டு, அதாவது உறவுக்காரக் குடும்பங்கள் சேர்ந்து வாழும் பகுதி. அவர்கள் வளைவாக வீடு கட்டுவார்கள். நடுவில் மாட்டுப்பட்டி, பக்கத்தில் மரக்கம்பங்களை நட்டு அரைவட்டமாகத் தடுத்த க்கோட்லா, அதாவது மன்றம். குடும்பச் சண்டை முதலில் அங்கே போகும். தீராவிட்டால் தலைவரின் பெரிய க்கோட்லாவுக்கு. தலைமைக்கு வாரிசும் பின்னாளில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவருமான செரெட்சே காமா ஆங்கிலேயப் பெண்ணை மணந்ததை 1949 ஜூனில் பெருந்திரளான மக்கள் ஏற்றுக்கொண்டது செரோவேயின் க்கோட்லாவில்தான். நாட்டின் அரசியல் வரலாற்றில் அதைவிடப் பெரிய ஊர்க்கூட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

தெற்குத்திசை: ஊரின் வயதையும் சேர்த்துப் பாருங்கள். செரெட்சேயின் தாத்தா, தலைவர் மூன்றாம் காமாவின் பாமங்வாட்டோ இனக்குழு மக்கள் முதலில் ஷோஷோங் என்ற ஊரில் இருந்தார்கள். தண்ணீர் போதாமல் 1889-இல் பலாட்ஸ்வேக்குப் போனார்கள். அங்கும் அதே தட்டுப்பாடு. 1902 வாக்கில் செரோவே. ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் குவிந்தால் ஊற்று வற்றும், விறகும் கூரைப்புல்லும் தூரமாகும். தலைநகரையே பெயர்த்துக்கொண்டு போனதற்கு அடிப்படை இதுதான். ஊர் நகர்ந்தாலும் வார்டு அமைப்பு கலையவில்லை.

மருதன்: அவ்வளவு பேருக்கும் வயல் எங்கே?

வரைபடப்பிரியன்: ஊருக்குள் தேடாதீர்கள். ஒரு குடும்பத்துக்கு மூன்று இடம்: ஊரில் வீடு, எட்டத்தில் மழையை நம்பிய சோள நிலம், அதற்கும் அப்பால் மாடுகள் மேயும் மொராக்கா. மழை தொடங்கியதும் உழப் போய், அறுவடை முடிந்து திரும்புவது பழைய வழக்கம். மாதக்கணக்கில் ஊர் பாதி காலியாகக் கிடக்கும். பள்ளியும் சம்பள வேலையும் வந்தபின் பலர் ஊரிலேயே தங்குகிறார்கள். நிலத்தில் கை குறைந்துவிட்டது. மாட்டை மட்டும் யாரும் எளிதில் விடுவதில்லை.