முதுமலை, முக்கூர்த்தி: அந்நியச் செடி அகற்றும் களத்தில் கண்டவை (மூவரின் உரையாடல்)

காட்டுப்பாதை:
மழைக்குப் பின் நீலகிரியின் முதுமலைக் காடு எங்கும் பச்சைதான். ஆனால் அந்தப் பச்சை உண்ணிச்செடியாக (லாண்டானா என்னும் அந்நியப் புதர்) இருந்தால் மானுக்கும் யானைக்கும் அங்கே தீனி இல்லை. இலையில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. புதருக்கடியில் வெயில் படாததால் புல்லும் முளைக்காது.

அரிவாளால் சீவிவிட்டால் அடிக்கட்டை முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். தீ வைத்தாலும் அப்படித்தான். கிளைகளைக் கழித்துத் தூரைத் தெரியவைத்து, மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டுங்கள். பிறகு புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள்; தண்டு ஈரமண்ணில் பட்டுக் கிடந்தால் மறுபடி வேர்விடும். காய் பழுக்குமுன் வேலை முடிய வேண்டும், இல்லாவிட்டால் இழுத்துச் செல்லும் வழியெல்லாம் விதை சிந்தும்.

சோலைக்குருவி:
நல்ல விளக்கம். பலர் வெட்டியதோடு போய்விடுகிறார்கள், அங்கேதான் தோற்கிறோம். கொண்டைக்குருவிகள் பழத்தைத் தின்று, வந்து அமரும் மரத்தடியில் விதையை எச்சமிடும். அதனால் அடுத்த மழைக்காலங்களில் தனிமரங்களின் அடியையும் ஓடைக்கரையையும் முதலில் பார்த்து, நாற்றைக் கையாலேயே பிடுங்கிவிடுங்கள். திறந்த இடத்தில் உள்ளூர்ப் புல் விதை தூவாவிட்டால் வேறு களை வந்து உட்காரும்.

இன்னொன்று: புதர் யானையையே மறைக்கும். வேட்டைத்தடுப்புக் காவலர் பார்த்துச் சொல்லாமல் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. தேசியப் பூங்காவில் களை என்றாலும் தனியார் இறங்கி வெட்ட முடியாது. வனத்துறை அனுமதி கட்டாயம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அப்படி.

மலைப்புல்:
நீலகிரி மலைமேல் உள்ள முக்கூர்த்தியில் பிரச்சினை சீகை மரம் (வாட்டில் என்னும் அந்நிய மரம்). வரையாடு மேயும் புல்வெளியையே அது விழுங்குகிறது. விதையின் ஓடு கெட்டி, மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். தீ பட்டால் மொத்தமாக முளைக்கும். ஆகவே புல்லுக்குள் புதிதாக நுழையும் இளங்கன்றுகளை முதலில் பிடுங்குவதே சரி. அடர்ந்த தோப்பை ஒரே மூச்சில் மொட்டையடித்தால் சரிவு மண் மழையில் கரையும், பழைய விதையும் கிளம்பும்.

சோலை (புல்வெளிக்கு இடையே உள்ள இயற்கையான மலைக்காடு) ஓரத்துச் சீகையில் அவசரம் வேண்டாம். அதன் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக வளர்ந்திருக்கும். குனிந்து பார்த்த பிறகே கோடாரி எடுங்கள். நிழல் முழுதும் போனால் மார்கழி, தை உறைபனியில் அந்தக் கன்றுகள் கருகிவிடும்.