ஃப்ளை றொட் (செயற்கை ஈ வீசிப் பிடிக்கும் தூண்டில் தடி) முன்பாரமாக இருக்கிறது: பிடியை மாற்றவா, றீல் சீட்டை மாற்றவா?

வெள்ளவத்தையான்:
நானே கட்டும் முதல் றொட். 9 அடி நீளம், 8 வெயிட் (அது வீசும் லைனின் எடை எண்), போல்கொடை ஏரியில் கொடுவா மீன் பிடிக்க. இன்னும் பசை போடவில்லை. பிடியையும், றீலைப் பூட்டும் சீட்டையும், லைன் ஓடும் வளையங்களையும் டேப்பால் சுற்றி, றீலைப் பூட்டி பல்கனியில் ஆட்டிப் பார்த்தேன். பிடியின் முன்விளிம்பை விரலில் நிறுத்தினால் நுனி பொத்தென்று சாய்கிறது. மணிக்கட்டும் விண்விண் என்கிறது. பின்னால் ஈயம் வைக்கலாமா?

பழைய தூண்டில்:
ஈயத்தை விடுங்கள் தம்பி. றீலில் பேக்கிங் (லைனுக்கு அடியில் சுற்றும் நூல்), லைன் எல்லாம் சுற்றியிருந்ததா? வெறும் றீலோடு பார்த்தால் இந்த மாதிரித் தடி முன்னால் சாயத்தான் பார்க்கும். லைனை வளையங்களில் கோத்து, 9 மீற்றர் வெளியே விட்டுப் பாருங்கள்.

கீழிருந்து மேலே பூட்டும் சீட் றீலைக் கைக்குக் கிட்டக் கொண்டுவரும். மேலிருந்து கீழே பூட்டுவது றீலை அடி நுனிக்குத் தள்ளும். அதே றீல் கூடுதலாகச் சமன்செய்யும். ஆனால் அது நுவரெலியா ட்ரவுட்டுக்கு எடுக்கும் மெல்லிய தடிக்குத்தான் சரி. கொடுவா இழுக்கும்போது தடியின் அடி நுனியை வயிற்றில் ஊன்ற வேண்டுமே, அங்கே றீல் இருந்தால் எப்படி! கீழிருந்து மேலே பூட்டும் சீட்டே இருக்கட்டும். கோர்க் பிடியை முன்பக்கம் ஓர் அங்குலம் நீட்டி, கையை முன்னால் வைத்தால், கையிலிருந்து றீல் தானாகப் பின்னால் போகும்.

வெள்ளவத்தையான்:
வெறும் றீல்தான் அண்ணை. வெட்கமாக இருக்கிறது.

உப்புக்காற்று:
நுனி வளையங்களையும் பாருங்கள். கைக்கு 8 அடி முன்னால் இருக்கும் 1 கிராமுக்கு, அரை அடி பின்னால் 16 கிராம் வேண்டும். நான் நுனிப்பக்கம் எடை குறைந்த ஒற்றைக்கால் வளையம்தான் போடுவேன், வார்னிஷும் மெல்லிசாக ஒரே பூச்சு.