கிரேடு 8, 9 அறிவியல் மன்றத்தில் இன அடையாளம், ஏற்றத்தாழ்வு பற்றி எப்படிப் பேசுவது?

சனிக்கிழமை_மன்றம் (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா):

எல்லோருக்கும் வணக்கம். மூன்றாம் தவணைக்கு அறிவியல் மன்றத் திட்டம் போட வேண்டும். கிரேடு 8, 9 சேர்த்து சுமார் 25 பிள்ளைகள். பாதிக்கு மேல் நம் தமிழ், தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள், மற்றவர்கள் பக்கத்து ஆப்பிரிக்கர் குடியிருப்பான உம்லாசியிலிருந்து டாக்சியில் வரும் சூலு பிள்ளைகள். தன் இன அடையாளத்தில் தெளிவும், ஏற்றத்தாழ்வைக் கேள்வி கேட்கும் பழக்கமும் உள்ள வளரிளம் பிள்ளைகள் கணக்கிலும் அறிவியலிலும் கூடுதல் ஈடுபாடு காட்டுகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வுகள் சில சொல்கின்றன. நம் ஊரில் இதை எப்படிச் செய்வது? சுவரில் ராமானுஜன், சி.வி. ராமன் படம் இருக்கிறது. அதைத் தாண்டி ஒன்றும் ஓடவில்லை. முன்னும் பின்னும் அளக்க எந்தக் கேள்வித்தாள் சரி? கையில் 10 வாரம்.

அளவுகோல் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

படம் இருக்கட்டும், ஆனால் அதிலிருந்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்க உளவியலாளர் செல்லர்ஸ் குழு 1998இல் முன்வைத்த மாதிரியில் இன அடையாளம் ஒரே பொருள் அல்ல. இனம் தனக்கு எவ்வளவு முக்கியம், தன் இனத்தைத் தான் எப்படி மதிக்கிறான், மற்றவர்கள் எப்படி மதிப்பதாக நினைக்கிறான் என்று அது பிரிந்து போகும். படம் தொடுவது நடுவில் உள்ளதை மட்டும். அதுவும் பாதிப் பிள்ளைகளுக்குத்தான்.

விமர்சன உணர்வுக்கு, அதாவது நீங்கள் சொன்ன ஏற்றத்தாழ்வைக் கேள்வி கேட்கும் பழக்கத்துக்கு, டீமர் குழு 2017இல் வெளியிட்ட அளவுகோலைப் பலரும் எடுக்கிறார்கள். மொத்தம் 22 வாக்கியங்கள். ஏற்றத்தாழ்வு கண்ணில் படுகிறதா என்பதற்கு 8, சமத்துவ நோக்குக்கு 5, செயலில் இறங்குவதற்கு 9. சிக்கல் முதல் எட்டில்தான். 'சில இனத்தாருக்கு நல்ல கல்வி கிடைக்கும் வாய்ப்பு குறைவு' என்ற வகை வாக்கியங்கள் அவை. அமெரிக்காவில் 'சில இனத்தார்' யார் என்பதில் பெரிய குழப்பம் வராது. இங்கே உம்லாசிப் பிள்ளை தன் பள்ளியில் ஆய்வுக்கூடம் இல்லாததை நினைத்து 'முழுதும் ஒப்புகிறேன்' என்று போடும். நம் பிள்ளை, மருத்துவப் படிப்பில் இனவாரி ஒதுக்கீட்டால் இந்தியருக்கு இடம் குறைகிறது என்று வீட்டில் கேட்டதை நினைத்து அதே கட்டத்தில் டிக் அடிக்கும். மதிப்பெண் ஒன்று, உள்ளே இருக்கும் எண்ணம் நேரெதிர். அந்தச் சராசரியை வைத்து 'விமர்சன உணர்வு உயர்ந்தது' என்று அறிக்கை எழுதினால் அது பொய்க்கணக்கு.

தீர்வு எளிது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே ஒரு வெற்று வரி விடுங்கள்: 'இதைப் படித்ததும் யாரை நினைத்தாய்?' பத்தாம் வாரம் அந்த வரியில் தன்னவரைத் தவிர வேறு யாராவது வருகிறார்களா என்று பாருங்கள். எண்ணை விட அதுதான் பேசும். 25 பேரை வைத்துப் புள்ளியியல் சோதனை போடவே வேண்டாம்.

இனம், பாலினம் கேட்கும் கட்டங்கள் கடைசிப் பக்கத்தில் வரட்டும். தேர்வுக்கு முன் இனத்தை நினைவூட்டினால் மதிப்பெண் குறையும் என்ற பேச்சு ஸ்டீல், ஆரன்சன் 1995 ஆய்வில் தொடங்கியது. பெண்பிள்ளைகளையும் கணக்கையும் வைத்து நெதர்லாந்துப் பள்ளிகளில் நடத்திய பெரிய ஆய்வு (2018) அப்படி ஒரு விளைவைக் காணவில்லை. இருந்தாலும் கட்டத்தைப் பின்னுக்குத் தள்ளுவதில் செலவில்லையே.

இன்னொன்று: போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி இனத் தகவல் சிறப்புப் பாதுகாப்பில் வரும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதலும் வேண்டும். பெயருக்குப் பதில் குறியீடு போடுங்கள். தாள் ஆங்கிலத்திலும் சூலுவிலும் இருக்கட்டும். தமிழில் அச்சடித்தால் நம் வீட்டுப் பிள்ளைகளிலேயே பலருக்கு வாசிக்க வராது.

மெரேபேங்க்_காற்று:

பேச்சு மட்டும் வைத்தால் மூன்றாவது வாரமே பிள்ளைகள் போனை எடுத்துவிடுவார்கள். காற்றை அளக்கச் சொல்லுங்கள். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950 குழுப் பகுதிச் சட்டம் யாரை எங்கே குடியமர்த்தியது, ஆலைகள் எங்கே வந்தன என்ற கேள்வி வரைபடத்தில் தானாக எழும்.

ஒரு பெட்டிக்கு வேண்டியவை: தூசியை எண்ணும் எஸ்டிஎஸ்011 சென்சார், நிரலை ஓட்டும் ஈஎஸ்பி8266 போர்டு, ஈரப்பதம் பார்க்க பிஎம்இ280, ஒரு எஸ்டி கார்டு, நேரம் காட்டும் மாட்யூல். ஐந்து பெட்டி போதும். சென்சாருக்கு 5 வோல்ட் தர வேண்டும். போர்டின் 3.3 வோல்ட் முனையில் செருகிவிட்டு 'விசிறி சுற்றவில்லை' என்று உட்காருவது வழக்கமான தவறு. அதன் லேசரின் ஆயுள் சுமார் 8000 மணி நேரம், விடாமல் ஓடினால் ஓராண்டுகூட வராது. 5 நிமிடத்துக்கு 30 விநாடி ஓடி மற்ற நேரம் தூங்கும்படி நிரல் எழுதுங்கள்.

டர்பனில் பெரிய எதிரி ஈரப்பதம். 70 சதவீதத்தைத் தாண்டினால் நீர்த்துளியையும் தூசியாக எண்ணிவிடும். அந்த அளவீடுகளை அழிக்காமல், சந்தேகக் குறி போட்டுத் தனியே வையுங்கள். மூன்றாம் தவணை நல்ல காலம்: குளிர்காலம் வறட்சியாக இருக்கும், இரவில் புகையும் தரையோடு தங்கும்.

முதல் வாரம் ஐந்து பெட்டிகளையும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டி, எது எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்று குறித்த பிறகே வீடுகளுக்குக் கொடுங்கள். தரையிலிருந்து 2 மீட்டர் உயரம், காற்று வாய் கீழ் நோக்கி, வலை கட்டி (சிலந்தி புகுந்துவிடும்). பூஜை அறை ஜன்னலுக்கு வெளியே மாட்டினால் வெள்ளிக்கிழமை சாம்பிராணி வரைபடத்தில் மலைபோல எழும். இறைச்சி சுடும் பிராய் அடுப்புக்கும் அதே கதி. மின்சாரம் போன நேரத்துக்கு பூஜ்யம் போடக்கூடாது, இடைவெளியாகவே விடுங்கள். 24 மணியில் 18 மணிக்குக் குறைவாகத் தரவு இருந்தால் அந்த நாளின் சராசரியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அளந்த பிறகுதான் சுவையான இடம். ஒரு வீட்டில் பிஎம் 2.5இன் (மிக நுண்ணிய தூசி) நாள் சராசரி கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்கத் தர வரம்பு 40, ஆக 'தேர்ச்சி'. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி 15, ஆக இரு மடங்கு. 2030 ஜனவரி முதல் நம் வரம்பே 25 ஆகிறது. காற்று மாறவில்லை, தீர்ப்பு மாறுகிறது. வரம்பை யார், யாரைக் கேட்டு முடிவு செய்கிறார்கள் என்று பிள்ளைகளே கேட்பார்கள். நீங்கள் அரசியல் பேச வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. தெற்கு டர்பனின் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் நின்றுவிட்டன: ஒன்று 2020 டிசம்பர் தீவிபத்துக்குப் பின், மற்றது 2022இல். இன்று அளந்தால் பழைய புகை வராது. கந்தக டை ஆக்சைடு இந்தச் சென்சாருக்கு அன்றும் தெரிந்திருக்காது. எண் குறைவாக வந்தால் 'அநியாயமே நடக்கவில்லை' என்று பிள்ளைகள் முடிவுகட்ட விடாதீர்கள்.

உம்கேனி:

திட்டம் நன்று, ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆலைகளுக்கு அருகே இந்தியர் குடியமர்த்தப்பட்ட மெரேபேங்க் வரலாற்றை மட்டும் எடுத்தால் நம் பிள்ளை 'நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள்' என்பதோடு நின்றுவிடும். இனவெறி ஆட்சியில் ஒரு மாணவருக்கான செலவு வெள்ளையர், இந்தியர், கலர்ட் (கலப்பினத்தார்), ஆப்பிரிக்கர் என்று படியிறங்கியது. நாம் மிதிபட்டோம், ஆனால் கடைசிப் படியில் இல்லை. ஆப்பிரிக்கருக்குத் தனிக் கல்வி வகுத்த 1953 பாண்டு கல்விச் சட்ட காலத்தில் ஆப்பிரிக்கக் குழந்தைக்குக் கணக்கு எதற்கு என்று அமைச்சர் ஃபெர்வூர்ட் கேட்டது கணக்கைப் பற்றியே பேசும் வரலாறு, அதை மன்றத்தில் வையுங்கள். கூடவே, டர்பனில் மருத்துவம் படித்த ஸ்டீவ் பீக்கோவின் இயக்கம் 'கறுப்பர்' என்ற சொல்லுக்குள் இந்தியரையும் கலர்டையும் சேர்த்ததையும் சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ், 2021 ஜூலை (கலவரத்தின்போது இந்தியர் அதிகம் வாழும் அந்தப் பகுதியில் ஆப்பிரிக்கர் பலர் கொல்லப்பட்டது)? யாராவது பிள்ளை எடுக்கத்தான் செய்யும். தவிர்க்காதீர்கள், ஆனால் அதில் தொடங்கவும் வேண்டாம். கலந்த குழுக்கள் ஐந்தாறு வாரம் ஒரே பெட்டியில் வேலை செய்த பிறகு பேசினால் தாங்கும். பெட்டிக்கு ஐந்து பேர், அதில் இரண்டு பேராவது உம்லாசி.

சனிக்கிழமை_மன்றம்:

மிக்க நன்றி. அந்த வெற்று வரி கட்டாயம் வரும். ஒரு கேள்வி மட்டும்: ஆர்வம் வந்தாலும், கிரேடு 9 முடிவில் பாதிப் பேர் கணிதத்தை விட்டு மேத்ஸ் லிட்டுக்கு (அன்றாடக் கணக்கை மையமாகக் கொண்ட எளிய பாடம்) போய்விடுகிறார்களே?

உம்கேனி:

அக்கா, உண்மையான அளவுகோல் அதுதான். கேள்வித்தாளில் எல்லோரும் பொறியாளர் ஆவேன் என்று எழுதுவார்கள். கணிதமும் பௌதிக அறிவியலும் எடுக்காமல் பொறியியலுக்கு விண்ணப்பிக்க முடியாது, மேத்ஸ் லிட் அதற்கு ஈடாகாது. சில பள்ளிகளில் கணிதப் பாடமே கிடையாது. அந்தப் பிள்ளைக்கு வேறு பள்ளி தேடுவதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்குப் போகும் முன், ஏழாம் வாரம்போல், பெற்றோரையும் கூப்பிடுங்கள். 'சராசரி மதிப்பெண் விழுந்துவிடும்' என்று பள்ளியே மேத்ஸ் லிட் பக்கம் தள்ளுவதுண்டு. கிரேடு 10இல் மேத்ஸ் லிட்டிலிருந்து கணிதத்துக்குத் திரும்புவது ஒரு தவணை தாண்டினாலே பெரும்பாடு, எதிர்த்திசையில் எளிது. எந்தப் பிள்ளை எதை எடுத்தது, யார் சொல்லி எடுத்தது என்று ஜனவரியில் ஒரு பட்டியல் போடுங்கள். அதை அடுத்த ஆண்டுப் பிள்ளைகளின் கையில் கொடுத்து வரைபடம் போடச் சொல்லலாம், பெயர் இல்லாமல்.