முத்திரை இல்லாத ஊதாப் பூச்சாடி, எந்த ஊர்ச் சரக்கு?

கேள்வி: கனமான பூச்சாடி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. உள்ளே ஊதா, அதைச் சுற்றி விரல் தடிமனுக்கு நிறமில்லாத கண்ணாடி, வாய் மூன்று இதழாக இழுபட்டிருக்கிறது. கையெழுத்து, ஸ்டிக்கர் எதுவும் இல்லை, ஆனால் விற்றவர் இத்தாலியின் முரானோ தீவுக் கண்ணாடி என்று அடித்துச் சொன்னார். பகலில் ஊதாவாக இருப்பது டியூப்லைட் போட்டதும் வெளிர் நீலமாகிவிடுகிறது. இதை வைத்து ஊரைச் சொல்ல முடியுமா?

பதில் 1: நிறம் மாறினால் நியோடிமியம் என்ற உலோகம் கலந்திருக்கும். அது மஞ்சள் ஒளியை விழுங்கிவிடும், அதனால் எந்த விளக்கு என்பதைப் பொறுத்து மிச்ச நிறம் மாறும். 1920களின் இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் மோசர் கண்ணாடி ஆலை இந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்தது, அப்புறம் முரானோ உட்படப் பலரும் செய்தார்கள். அதனால் அது சாட்சி ஆகாது. அடிப்பாகம் எப்படி இருக்கிறது?

கேட்டவர்: தட்டையாகத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறது. ஓரத்தில் மெல்லிய கீறல்கள், ஆளுக்கொரு திசையில்.

பதில் 2: நல்ல அறிகுறி. பழசாகக் காட்ட உப்புத்தாளில் தேய்த்திருந்தால் கீறல்கள் ஒரே போக்கில் ஓடும். அடுத்து எடை போடுங்கள். முதலில் சாடியை மட்டும். பிறகு தராசில் வாளித் தண்ணீரை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, சாடியை நூலில் கட்டி, உள்ளே காற்றுக் குமிழ் நிற்காமல், அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள், தராசு காட்டுவதால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. சாதாரண சோடாக் கண்ணாடி 2.5 வாக்கில் நிற்கும், 24% ஈயம் கலந்த ஈய கிரிஸ்டல் என்றால் 2.9 தொடும்.

கேட்டவர்: 1240 கிராம், தண்ணீரில் 494. அப்படியானால் 2.51.

பதில் 2: சரி, ஈய கிரிஸ்டல் இல்லை. முரானோவில் பெரும்பாலும் சோடாக் கண்ணாடிதான், ஆனால் செக் பகுதியான பொஹீமியாவின் பொட்டாஷ் கண்ணாடியும் இதே அடர்த்திக்குப் பக்கத்தில்தான் வரும். விற்றவர் சொன்னது பொய்யென்றும் ஆகவில்லை, மெய்யென்றும் ஆகவில்லை.

பதில் 1: எனக்கு அந்த இழுபட்ட வாய்தான் உறுத்துகிறது. நிறத்தின் மேல் நிறமில்லாக் கண்ணாடி போர்த்தும் சொம்மெர்சோ முரானோவுக்குப் பேர் வாங்கித் தந்த வேலை, மறுக்கவில்லை. ஆனால் செக் நாட்டு ஹ்ரிப்ஸ்கா ஆலையில் யோசெப் ஹோஸ்போட்கா வடிவமைத்த சாடிகளிலும் இதே மாதிரி இதழ்கள் உண்டு, அவற்றை முரானோ என்றே விற்கிறவர்கள் ஏராளம். முதலில் அந்த ஆலையின் பழைய படப் பட்டியல்களில் வாயின் வளைவையும் அடியின் அகலத்தையும் ஒப்பிடுங்கள். பொருந்தும் படம் கிடைக்கும் வரை முரானோ விலைக்கு யாரிடமும் தள்ளிவிடாதீர்கள்.